அடித்து எழுதிய எண்

பட்டாளத்தில் பாடம் முடிந்ததும் உஸ்தாத் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கோயி ஷக்?" ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று அர்த்தம். எதிரே நிற்கிற நாற்பது பேரும் ஒரே குரலில் "நஹி உஸ்தாத்!" என்று கத்த வேண்டும். கத்தல் எவ்வளவு பலமோ, பாடம் அவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கு. இருபத்தொரு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் கத்தியும், பிறகு நானே கேட்டும் பழகியவன் நான். 2010-இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில், வில்லியனூர் தாண்டி, நில அளவைப் பாடம் எடுக்கச் சேர்ந்தேன். முதல் வகுப்பு முடிந்ததும் என்னை அறியாமல் அதே தொனியில், "சந்தேகம் ஏதாவது?" என்றேன். அறுபது பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை. புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த மௌனத்துக்கு வேறு பொருளும் உண்டு என்று தெரிய எனக்கு ஏழு வருடம் பிடித்தது.

எங்கள் வீடு மங்கலத்தில். எங்கள் பக்கம் பட்டாளம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிரெஞ்சுப் பட்டாளம்தான். அதில் இருந்து வந்தவரைச் 'சொல்தா' என்பார்கள். அவர் கட்டிய வீடு 'சொல்தா வீடு'. என் சின்னத் தாத்தா அப்படி ஒரு சொல்தா. சைகோனில் இருந்தவர். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 காலையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போவார். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. சின்னத் தாத்தா எழுதிக் கொடுத்தார். அவருடைய அண்ணன், என் தாத்தா, எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் இரண்டு தேசத்துக்காரர்கள் சாப்பிட்ட வீடு அது.

எங்கள் ஊரிலிருந்து கீழூர் சைக்கிள் தூரம். 1954 அக்டோபர் 18-இல் 178 மக்கள் பிரதிநிதிகள் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். பள்ளியில் அந்த 170-ஐ மட்டும் சொல்லித் தருவார்கள். தாத்தா மட்டும் 8-ஐயும் சேர்த்தே சொல்வார். "ரெண்டு எண்ணையும் எழுதி வெச்சாத்தாண்டா அது கணக்கு" என்பார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

நான் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தது அம்மாவுக்குப் பெரிய வருத்தம். சேருவது என்றால் சின்னத் தாத்தா மாதிரி சேர்ந்து பிராங்கில் பென்சன் வாங்க வேண்டியதுதானே என்று கேட்டாள். அதற்கு வழி இல்லை என்று அவளுக்குப் புரியவைக்கவே ஒரு மாதம் ஆனது. சிவில் எஞ்சினியரிங் முடித்த கையோடு, பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதமிக்குப் போனேன். 1989-இல் சாப்பர்ஸ் என்கிற பொறியியல் படைப் பிரிவில் அதிகாரி ஆனேன்.

பரங்கிமலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது தொழிலுக்கும் அதுதான் பிறந்த இடம். வில்லியம் லாம்ப்டன் என்கிற காலாட்படை அதிகாரி 1802 ஏப்ரல் 10-இல் அந்த மலையடிவாரத்திலிருந்துதான் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. நூறு அடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை கிடத்தி எடுத்து அளந்தார்கள், 57 நாள் ஆனது. அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்கப் போனது அளவை. மலை மேல் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. கேடட்டாக இருந்தபோது அந்த மலையில் மூச்சு வாங்க ஓடியதோடு சரி. ஆசிரியன் ஆன பிறகுதான் அவரைப் படித்தேன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் தியோடலைட்டை ஏற்றுகிறார்கள். அரை டன் எடை. கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதை நேராக்கினார். கருவி அடிபட்டதை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் இன்று எனக்கும் தெரிகிறது. பிள்ளைகளுக்கு லாம்ப்டனைச் சொல்லும்போதெல்லாம் நான் அடிக்கோட்டை விட இந்தக் கதையில்தான் அதிக நேரம் நிற்பேன்.

பட்டாளமும் நில அளவைப் படிப்பும் தென்னாட்டில் வெகு காலமாகச் சேர்ந்தே வந்திருக்கின்றன. கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1794-இல் கோட்டைக்குள் எட்டே பையன்களோடு தொடங்கிய அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் அதிகாரி. அதே மரபில் வந்ததுதான் பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கும் எங்கள் சென்டர். எங்கள் ஜவான்களுக்கு அங்கே 'தம்பி' என்றுதான் பெயர். தமிழனோ, தெலுங்கனோ, மலையாளியோ, கன்னடியனோ, எல்லாரும் தம்பிதான்.

அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கிற முறை எனக்கு இன்றும் பிடிக்கும். முதலில் சொல், பிறகு செய்து காட்டு, பிறகு அவனைச் செய்ய விடு, பிறகு இருட்டில் செய்ய விடு. பெய்லி பாலத்தின் ஒரு பேனல் பத்தடி நீளம், 570 பவுண்டு எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவன் தோள் தாழ்ந்தால் மற்ற ஐந்து பேருக்கும் உடனே தெரியும். பேனலோடு பேனலைக் கோத்துப் பின் அடிக்கிறபோது, சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்பதை யாரும் வாய்ச்சொல்லால் நிரூபிக்க வேண்டியதில்லை. பாலம் காட்டிவிடும். கல்லூரிக்கு வந்த புதிதில் நான் மிகவும் தேடியது அதைத்தான். தாளில் விடை எழுதுகிற பையனுக்குப் புரிந்ததா என்று காட்ட ஒரு பாலம் இல்லையே என்று.

ஆனால் பட்டாளத்திலும் பாலம் காட்டிக் கொடுக்காத ஒரு வேலை உண்டு. கண்ணிவெடி.

2001 டிசம்பர் 13-இல் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்த பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்று படைகள் மேற்கு எல்லைக்கு நகர்ந்தன. ராஜஸ்தான் மணலில் வெடி புதைக்கிற வேலை எங்களுக்கு. புதைப்பது ஒரு பங்கு வேலை என்றால் அதை எழுதி வைப்பது மூன்று பங்கு. எந்தக் கல்லிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை அடியில் வரிசை தொடங்குகிறது, வரிசைக்கு எத்தனை வெடி, இடைவெளி என்ன என்று எல்லாம் பதிவில் இருக்க வேண்டும். மறுபடி எடுக்கப் போகிறவன் அந்தத் தாளை நம்பித்தான் வயிற்றில் ஊர்ந்து போகிறான். 2002 அக்டோபரில் படைகளைத் திரும்ப அழைக்க முடிவானது. எடுக்கும் வேலை தொடங்கியது. ஒரு வரிசையில் என் கையெழுத்தில் 87 என்று இருந்தது. எடுத்தது 86.

மூன்று நாள் தேடினோம். பதினோரு தம்பிகள், விரல்கடை விரல்கடையாக, ப்ராடர் கம்பியைச் சாய்வாகச் செருகிச் செருகி. மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை, காற்றடித்தால் வெடியும் நகரும். அதனால் வரிசைக்கு வெளியேயும் போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மாலை, காலிப் பெட்டிகளின் கணக்கையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கூட்டினேன். 86-தான் வந்தது. என் பதிவுத் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். 87-க்கு அடியில் ரப்பரால் தேய்த்த தடம். முதலில் 86 என்று எழுதி, டார்ச் வெளிச்சத்தில் சந்தேகப்பட்டு, அழித்துவிட்டு 87 எழுதியிருக்கிறேன். ஒரு கோடு போட்டு அடித்து மேலே எழுதியிருந்தால் அந்த 86 கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இந்த எண்ணில் ஒரு சந்தேகம் இருந்தது என்பதாவது தெரிந்திருக்கும். சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்த என் கை, பதினோரு பேரை மூன்று நாள் சாவோடு படுக்க வைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

கல்லூரியில் நான் போட்ட முதல் சட்டம் அதனால் அளவுகளை எழுதும் ஃபீல்ட் புக் பற்றியது. ரப்பர் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் இனிஷியல். ரீடிங் பார்க்கிறவன் உரக்கச் சொல்ல வேண்டும், எழுதுகிறவன் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் 'கர்னல் சார் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். சட்டம் போட்டதோடு என் கடமை முடிந்தது என்று நம்பினேன்.

இடையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். என் நெறியாளர் என்னைவிட ஒன்பது வயது இளையவர். நான் எழுதிக் கொண்டுபோகிற ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரே கேள்வியைத்தான் எழுதித் தருவார்: "எப்படித் தெரியும்?" ஆரம்பத்தில் முகம் சிவக்கும். நான் இருபது வருடம் உத்தரவு கொடுத்தவன், எப்படித் தெரியும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஆறு மாதத்தில் அந்தக் கேள்வி இல்லாத பக்கத்தைப் பார்த்தால், அவர் படிக்கவில்லையோ என்று தோன்ற ஆரம்பித்தது. ஐம்பது வயதை நெருங்குகிற ஒருவனை ஒரு கேள்வியால் மாணவனாக்கியவர் அவர். இன்றும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் அளவை முகாம். பத்து நாள். இடம் பாகூர் ஏரி. ஊசுடுவுக்கு அடுத்தபடி புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி அது. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு வந்து சேருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் தங்கள் பொருளைப் போட்டு வெட்டியதாக ஊரில் கதை சொல்வார்கள். அது கதையோ நடந்ததோ, அந்தச் சமதரையில் அவ்வளவு தூரம் தண்ணீரைத் தானாக நடக்க விட்ட கைக்கு மட்டம் தெரிந்திருக்கிறது. நான் டோட்டல் ஸ்டேஷன் கருவி வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முகாமின் முதல் நாள் மாலை பிள்ளைகளைப் பாகூர் மூலநாதர் கோயில் பக்கம் உட்கார வைத்துச் சொல்வது ஒரு கதை. 1879-இல் இந்த ஊரில் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. இப்போது பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டு, பல்லவ அரசன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டு. நிலைதாங்கி என்கிற குறுநிலத் தலைவன் கேட்டுக்கொண்டபடி சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களைப் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு வித்யாபோகமாக விட்ட செய்தி அதில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிறவர்கள், படிப்பிக்கிறவர்களின் சோற்றுக்கு மூன்று ஊர் விளைச்சல். அந்தக் காலத்தில் இப்படி ஊர் விட்டால் எல்லை காட்ட வேண்டும். பெண் யானையை நடத்தி, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நடுவது வழக்கம். "பாத்துக்கோங்க, நம்ம படிப்பு இல்லாம ஒரு காலேஜ் கூட நடந்ததில்ல" என்பேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயுதம் பிடித்த ஒரு தலைவன் படிப்புக்கு ஊர் கேட்டு வாங்கினான் என்பது எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம். அதை அவர்களிடம் சொல்வதில்லை.

அதே ஊரில் 1752-இல் மேஜர் லாரன்ஸின் ஆங்கிலப் படையும் கெர்ஜானின் பிரெஞ்சுப் படையும் மோதின. இரு பக்கமும் நம் ஊர்ச் சிப்பாய்கள் நின்றார்கள். சின்னத் தாத்தாவையும் என்னையும் நினைத்துக்கொண்டு அதை மட்டும் சீக்கிரமாகக் கடந்துவிடுவேன்.

2017 முகாம். ஏழு குழு. ஒவ்வொரு குழுவும், ஏரி மதகுக் கல்லில் இருக்கிற, உயரம் குறித்து வைத்த பெஞ்ச் மார்க்கில் தொடங்கி, பாசன வாய்க்காலை ஒட்டியே இரண்டு கிலோமீட்டர் மட்டம் பார்த்துக்கொண்டு போய், கிராமத்துச் சாலை வாய்க்காலைக் கடக்கிற சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இருக்கிற இன்னொரு பெஞ்ச் மார்க்கில் முடிக்க வேண்டும். இரண்டின் மட்டமும் என் கோப்பில் இருக்கிறது. பிள்ளைகள் கொண்டுவரும் எண்ணும் கோப்பில் உள்ள எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு மதிப்பெண். சாதாரண வேலைக்குப் பாடப்புத்தகம் அனுமதிக்கிற பிழை இரண்டு கிலோமீட்டருக்கு 34 மில்லிமீட்டர்.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு, குருவிநத்தத்திலிருந்து வருகிற ஒரு பெண் என் அறை வாசலில் நின்றாள். கூட அவள் குழுப் பிள்ளைகள் மூன்று பேர், அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி.

"சார், எங்களுக்கு க்ளோஸ் ஆகல."

"எவ்வளவு?"

"நூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர் சார்."

கோப்பில் உள்ள எண்ணுக்கும் அவர்கள் எண்ணுக்கும் பதினோரு சென்டிமீட்டர் வித்தியாசம். அளவுக் கோலான ஸ்டாஃபைத் தலைகீழாகப் பிடித்தீர்களா என்று கேட்டேன். குரலில் பட்டாளம் வந்துவிட்டது. மறுபடி செய் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் இரவு வந்தாள். 109. அப்போது என் கோபம் போய் ஒரு குழப்பம் வந்தது. இரண்டு தடவையும் ஒரே அளவில் தவறுகிறவர்கள் கவனக்குறைவாகத் தவறுவதில்லை. பிழை என்றால் அது சிதறும். அவளே சொன்னாள்: "சார், நாளைக்குப் பாலத்துல முடிக்காம, திரும்பி மதகுக்கே வந்து முடிக்கறோம் சார். ஆரம்பிச்ச எடத்துலயே முடிச்சா எங்க மேல தப்பான்னு தெரிஞ்சிடும் இல்ல?"

போக வர நான்கு கிலோமீட்டர். அனுமதி 48 மில்லிமீட்டர். அவர்கள் கொண்டுவந்தது 14.

"அப்ப எங்க மேல தப்பு இல்ல சார்," என்று அவள் சொன்னபோது அதில் வெற்றியின் சாயல் இல்லை. பயந்துகொண்டேதான் சொன்னாள். அவர்கள் மேல் தப்பு இல்லையென்றால் கோப்பில் இருக்கிற எண்ணில்தான் தப்பு. அந்தக் கோப்பு என்னுடையது.

காலையில் வண்டி எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அந்தப் பாலத்தை ஒவ்வொரு வருடமும் கல்லூரி வேனில் கடந்தவன்தான். அன்றைக்குத்தான் இறங்கி நின்று பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் உட்பக்கம், சிமென்ட் ஈரத்தில் யாரோ குச்சியால் கீறிய 2014. பாலம் இடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. பழைய சுவரில் இருந்த அம்புக்குறியும் எண்ணும் புதுச் சுவரிலும் அப்படியே பெயின்டில் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் பழையதைப் பார்த்து அக்கறையாகத்தான் எழுதியிருக்கிறார். அம்புக்குறி என்பது அந்தக் கல்லின் உயரத்தைச் சொல்கிறது, கல் மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, பெஞ்ச் மார்க் மாறிவிட்டது, அது கண்டுபிடிக்கப்பட்டது, நல்லது என்று இங்கேயே நிறுத்தியிருக்கலாம். கல்லூரிக்குத் திரும்பியதும் அலமாரியைத் திறந்தேன். 2014, 2015, 2016 முகாம்களின் ஃபீல்ட் புக்குகள். வருடத்துக்கு ஏழு, மொத்தம் இருபத்தொன்று. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 2014 முகாமுக்கு முன்பே பாலம் கட்டி முடித்தாகிவிட்டது. ஆக, அந்த மூன்று வருடமும் மட்டத்தை நேர்மையாகப் பார்த்த எந்தக் குழுவுக்கும் பதினோரு சென்டிமீட்டர் இடித்திருக்க வேண்டும். இருபத்தொரு புத்தகத்திலும் பிழை 20 மில்லிமீட்டருக்குள். சில புத்தகங்களில் 3, 4 மில்லிமீட்டர். அடித்தல் திருத்தல் இல்லாத, பளிச்சென்ற பக்கங்கள். எல்லாவற்றின் கீழும் என் பச்சை மைக் கையெழுத்து. சிலவற்றில் 'நன்று' என்றும் எழுதியிருந்தேன்.

எனக்கு அந்தப் பாலைவனத் தாள் நினைவுக்கு வந்தது. அங்கே நான் ஒரு எண்ணை அழித்தேன். இங்கே இருபத்தொரு குழுக்களை அழிக்க வைத்திருக்கிறேன். ரப்பரைத் தடை செய்துவிட்டு, சரியான எண்ணோடு ஒத்துப்போனால் மதிப்பெண் என்று நானே அவர்கள் கையில் பெரிய ரப்பரைக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குப் போனபோது இரவு வெகு நேரம் ஆகிவிட்டது. சாப்பிடவில்லை.

அந்தப் பெண்ணின் குழு முகாமின் கடைசி நாளில் இன்னொரு காரியமும் செய்தது. வாய்க்காலின் கடைமடையில் நிலம் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு முகாமிலும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று பார்ப்பார். அன்றைக்கும் நின்றார்.

"என்னா பாப்பா, வருசா வருசம் வந்து கண்ணாடிய வெச்சிப் பாக்கறீங்க. இந்தப் பாலம் கட்டனதுலேர்ந்து எங்க பக்கம் தண்ணி ஏறல. அத யாராவது பாத்துச் சொல்றீங்களா?"

இதை அவர் முன்னேயும் சொல்லியிருக்கிறார். 2015-இல் என்னிடமே சொன்னார். ஆகட்டும் பெரியவரே என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். அந்தப் பெண் வேன் பக்கம் போகவில்லை. சுரிதாரை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, பாலத்தின் அடித்தளத்தில் ஸ்டாஃபை நிறுத்தினாள். பாலத்துக்கு மேற்கே ஒரு ரீடிங், கிழக்கே ஒரு ரீடிங், அடியில் ஒன்று. மேலே கருவியில் இருந்த பையன் உரக்கச் சொன்னான், இன்னொருத்தி திருப்பிச் சொல்லி எழுதினாள். பாலத்தின் தரை, வாய்க்கால் தரையைவிட 9 சென்டிமீட்டர் உயரம்.

9 சென்டிமீட்டர் என்றால் நாலரை விரல்கடை அளவு. ஆனால் மதகிலிருந்து அந்த இடம் வரை இரண்டு கிலோமீட்டரில் தரை இறங்குவதே மொத்தம் அரை மீட்டர்தான். அந்தச் சரிவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை ஒரு பாலம் தின்றுவிட்டது. ஏரி நிரம்பி, மதகு முழுக்கத் திறந்தால்தான் பாலத்தைத் தாண்டித் தண்ணீர் போகும். முறை வைத்துக் கொஞ்சமாகத் திறக்கிற நாளில் கடைமடைக்கு வராது. பெரியவருக்குக் கருவி இல்லை. ஆனால் மூன்று வருடம் தண்ணீரைப் பார்த்தே அவர் எடுத்த ரீடிங் சரி. அதை எழுதிக்கொள்ள எங்கள் ஃபீல்ட் புக்கில் பத்தி இல்லை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் ஏரிகளுக்குப் பாசனக்காரர்களே சேர்ந்த சங்கம் இருந்தது. 'சிண்டிகா அக்ரிகோல்' என்று பெயர். மதகு பழுது, கரை மராமத்து, வாய்க்கால் தூர் எல்லாம் அதன் பொறுப்பு. பிறகு அது தேய்ந்துபோய், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைத்தபோது விவசாயிகள் சங்கங்களை மறுபடி அமைத்தார்கள். அந்தப் பழைய பேச்சை எடுத்தால் பெரியவர் பாலத்து மேலேயே உட்கார்ந்துவிடுவார். பாலம் கட்டுகிற இடத்தில் கடைமடைக்காரன் ஒருவன் நின்றிருந்தால் இது நடந்திருக்காது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

ஜனவரியில் வகுப்பு தொடங்கியதும் இருபத்தொரு புத்தகங்களையும் மேஜை மேல் அடுக்கி வைத்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். ராஜஸ்தானையும் சொன்னேன். அதுவரை அதைக் குடும்பத்திடம் கூடச் சொன்னதில்லை. இனிமேல் பெஞ்ச் மார்க்கோடு ஒத்துப்போவதற்கு மதிப்பெண் கிடையாது, இரண்டாவது பெஞ்ச் மார்க்கின் எண்ணை முகாம் முடிகிற வரை தரவே மாட்டேன், எல்லாரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும், அடித்து எழுதிய எண்ணைப் பார்த்து நான் ஒருபோதும் கோபப்பட மாட்டேன் என்று சொன்னேன். கடைசியாகச் சொன்னதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. குரல் பழகிய பாதையில்தான் போகும். இரண்டு வருடம் ஆனது.

பழைய பிள்ளைகள் காதுக்கும் செய்தி போயிருக்கிறது. 2015 முகாமில் இருந்த ஒருவன், இப்போது சென்னையில் சர்வே வேலையில் இருக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். நலம் விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"சார், அன்னைக்கி எங்களுக்கும் பதினொண்ணு வந்துச்சு சார்."

"ஏம்ப்பா சொல்லல?"

"பயமா இருந்துச்சு சார். நீங்க, சந்தேகம் ஏதாவதுன்னு கேப்பீங்களே, அதக் கேக்கறப்பவே பயமா இருக்கும்."

போனை வைத்த பிறகு வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வகுப்பு முடிவில் அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை. நெறியாளர் எனக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்கிறேன், அதுவும் ஒருவரைப் பார்த்து, பெயர் சொல்லி, மெதுவாக: இந்த எண் உனக்கு எப்படித் தெரியும்? பதில் வர நேரமாகும். காத்திருக்கிறேன்.

அந்த நான்கு பிள்ளைகள் எடுத்த மட்டக் கணக்கை, அடித்தல் திருத்தல் எல்லாம் தெரிகிறபடியே நகலெடுத்து, ஊர்க்காரர்கள் தங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பாலத்தின் தரை இன்னும் இறக்கப்படவில்லை. முகாமில் இப்போது முதல் வேலையே அந்தப் பாலத்துக்கு அடியில் ஸ்டாஃபை நிறுத்துவதுதான். 2018-இல் 9 சென்டிமீட்டர். அடுத்த வருடம் வண்டல் படிந்து பத்தரை. ஊர்க்காரர்கள் வாரிக் கொட்டிய பிறகு மறுபடி 9. பெரியவர் கரையில் நின்றபடி ஒவ்வொரு தடவையும் எண்ணைக் கேட்டுக்கொண்டு, பிறகுதான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்.